கனெக்டரில் 24 வோல்ட் வருகிறது, ஆனாலும் பொக்லைன் நிற்கிறது: எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 20 டன் எக்ஸ்கவேட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒன்றரை மணி நேரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அப்புறம் திடீரென்று பூம், ஆர்ம், பக்கெட், ஸ்விங், டிராவல் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றுவிடுகின்றன. இன்ஜின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆஃப் செய்து 20 நிமிடம் விட்டால் மறுபடி உயிர் வருகிறது. ஃபில்டர் மாற்றியாயிற்று, பைலட் பம்ப்பும் (ஜாய்ஸ்டிக்குக்குக் குறைந்த பிரஷரில் ஆயில் தரும் சின்ன பம்ப்) மாற்றியாயிற்று, பலனில்லை. லாக் சோலினாய்டின் (கரண்ட் வந்தால் காந்தமாகி அந்தப் பைலட் ஆயிலைத் திறந்துவிடும் வால்வு) கனெக்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 24 வோல்ட் வருகிறது, ஆகவே கரண்ட் சரியாக இருக்கிறது, வண்டியின் கம்ப்யூட்டரான கன்ட்ரோலர்தான் போயிருக்கும் என்று சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பல வண்டிகளில் இந்த சோலினாய்டுக்குப் போகும் கரண்ட் கன்ட்ரோலர் வழியாகப் போவதே இல்லை; ஃபியூஸ், சீட்டுக்குப் பக்கத்து லாக் லீவருக்கு அடியில் இருக்கும் சுவிட்ச், ஒரு ரிலே, அப்புறம் காயில் (சோலினாய்டுக்குள் காந்தமாகும் கம்பிச் சுருள்), எர்த், அவ்வளவுதான் பாதை. உங்கள் வண்டியின் சர்க்யூட் படத்தை ஒரு தடவை விரித்துப் பார்த்தால் இது அப்படியா இல்லையா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த 24 வோல்ட் ரீடிங்கை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது இன்னொன்று. அதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பம்ப்பைப் பிரித்து வீணாய்ப் போனவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு ரீடிங்கை நம்பிப் போனவர்கள்தான். நானும் அதில் ஒருவன்.

முதலில், எல்லா மூவ்மென்ட்டும் சேர்ந்து நிற்பது நமக்கு நல்ல செய்தி. மெயின் பம்ப் இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஒரே நொடியில் படுத்துவிட்டு 20 நிமிடம் கழித்து ஒரே நொடியில் எழுந்திருக்காது. பூமுக்கு ஒரு ஸ்பூல் (ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுத் தண்டு), ஆர்முக்கு ஒரு ஸ்பூல், சிலிண்டர் தனி, மோட்டார் தனி. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது என்ன என்று பார்த்தால் இன்ஜின், அதைப் பம்ப்போடு இணைக்கும் கப்ளிங், ஆயில், பைலட் லைன், இவைதான். இன்ஜின் ஓடுகிறது. கப்ளிங் உடைந்திருந்தால் ஆறவைத்துச் சரியாகாது. ஆயில் குறைந்திருந்தால் பம்ப் அலறும். மிச்சம் பைலட். மெயின் லைனில் 320 முதல் 350 பார் வரை போகிற வண்டியில், ஜாய்ஸ்டிக்குக்குப் போகும் பைலட் பிரஷர் வெறும் 30, 40 பார்தான். ஆனால் அது இல்லாவிட்டால் மெயின் கன்ட்ரோல் வால்வில் ஒரு ஸ்பூல்கூட அசையாது. அந்தப் பைலட் ஆயிலைத் திறந்துவிடுவதும் அடைப்பதும் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு லீவரோடு சேர்ந்த லாக் சோலினாய்டு. அதற்குக் கரண்ட் இருந்தால்தான் ஆயில் போகும். ஒயர் அறுந்தால் வண்டி ஓடக் கூடாது, நிற்க வேண்டும் என்று பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த 24 வோல்ட். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளக்கும்போது ஒயரில் கரண்ட் ஓடுவதில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 மெகா ஓம், அது குடிப்பது கொசு குடிப்பது மாதிரி. ரிலேயின் கான்டாக்ட் கருகி 30 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு அது தெரியவே தெரியாது, முழுசாக 24 காட்டும். அதே இடத்தில் 40 ஓம் காயிலை மாட்டினால் 24 வோல்ட் இரண்டாகப் பிரியும். காயிலுக்குக் கிடைப்பது 13.7 வோல்ட்தான். ஏழு இழை செம்பில் ஆறு அறுந்து, மிச்சம் ஒன்றும் கறுத்துப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்கிற ஒயரும் இப்படித்தான் ஏமாற்றும், கன்டினியூட்டியில் வைத்தால் பீப் சத்தம் சுத்தமாக வரும், லோடு வந்ததும் படுத்துவிடும்.

ஆகவே கனெக்டர் மாட்டியிருக்கும்போதே, லீவரைத் திறந்த நிலையில், பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியை சீல் ஓரமாக உள்ளே விட்டு அளக்க வேண்டும். ஒயரின் தோலைக் குத்தி அளக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி ஆறு மாதத்தில் செம்பு கறுத்துவிடும், அடுத்த கோளாறை நீங்களே விதைத்தது ஆகும். மீட்டரின் தடித்த முனையைப் பெண் டெர்மினலுக்குள் திணிப்பதும் அதே பாவம்தான். டெர்மினல் அகன்றுவிடும், அப்புறம் பின் லூசாக உட்கார்ந்து புதிதாக ஒரு தொல்லை.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. கறுப்பு புரோபை சாஸியில் வைத்துவிட்டு, சிவப்பை மட்டும் பின்னில் வைத்துப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் எர்த் பக்கம் அறுந்திருப்பது தெரியாது. காயில் மாட்டியிருக்கும்போது எர்த் ஒயர் அறுந்திருந்தால், சாஸியோடு ஒப்பிட்டால் இரண்டு பின்னிலும் 24 வோல்ட் வரும்! பார்ப்பவருக்குக் கரண்ட் ஜம்மென்று வருகிற மாதிரி இருக்கும், காயிலில் ஓடுவது சைபர். எப்போதும் இரண்டு பின்களுக்கு நடுவே அளவுங்கள். அதற்குப் பிறகு பிளஸ் பக்கம் எவ்வளவு இழக்கிறது, எர்த் பக்கம் எவ்வளவு இழக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்: ஒரு புரோப் பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று காயிலின் எர்த் பின்னில், காயில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 1 வோல்ட், 2 வோல்ட் என்று வந்தால் கேபினுக்கு அடியில் எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது, அல்லது யாரோ பெயின்ட் அடித்த இடத்தின் மேலேயே முறுக்கி வைத்திருக்கிறார்கள்.

மீட்டரைவிட எனக்குப் பிடித்த கருவி 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று, இரண்டு ஒயரோடு. அது கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும், சாதாரண ஆன் ஆஃப் சோலினாய்டு இழுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். காயில் கனெக்டரில் அதை மாட்டி, பிரகாசமாக எரிகிறதா பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஒயரும் ரிலேயும் சுவிட்சும் லோடு தாங்குகின்றன என்று அர்த்தம். மினுக்மினுக்கென்று சிவப்பாக எரிந்தால் எங்கேயோ ரெசிஸ்டன்ஸ் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: கன்ட்ரோலரே நேரடியாக ஓட்டுகிற அவுட்புட்டில் அது தாங்கும் கரண்ட் தெரியாமல் இந்தப் பல்பை மாட்டாதீர்கள். ஐந்து வோல்ட் சென்சார் லைனில் மாட்டவே கூடாது.

சரி, ஏன் ஒன்றரை மணி நேரம் கழித்து? செம்பு சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 40 ஓம் இருந்த காயில் 90 டிகிரியில் 51 ஓம் ஆகிவிடும். 24 வோல்ட்டில் 0.6 ஆம்பியர் ஓடிய இடத்தில் 0.47தான் ஓடும். காந்த விசை ஏறக்குறைய கரண்ட்டின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே இழுக்கும் பலம் காலையில் இருந்ததில் 60 சதவீதத்துக்கு வந்துவிடும். நல்ல வண்டியில் இதையும் கணக்குப் போட்டுத்தான் காயிலைச் செய்திருப்பார்கள், பிரச்சினை வராது. ஆனால் ஒயர் வழியில் ஏற்கெனவே நாலைந்து வோல்ட் இழப்பு இருந்தால், குளிரில் தப்பித்துக்கொண்டிருந்தது சூட்டில் கைவிட்டுவிடும். அதனால்தான் காலையில் அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். காயிலுக்குள்ளேயே கம்பி ஒரு இடத்தில் விண்டு போய், சூட்டில் விரிந்து பிரிந்து, ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்வதும் உண்டு. உங்கள் வண்டியின் 20 நிமிடக் கணக்கைப் பார்த்தால் எனக்கு இதன் மேல்தான் முதல் சந்தேகம்.

கோளாறு இல்லாதபோது எத்தனை தடவை அளந்தாலும் பிரயோஜனமில்லை. கோளாறு வரும்போது பிடிக்க வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி: காயில் கனெக்டரின் இரண்டு ஒயருக்கும் இணையாக ஒரு சின்ன 24 வோல்ட் இண்டிகேட்டர் பல்பைக் கட்டி, ஒயரை நீட்டி கேபினுக்குள் ஆபரேட்டர் கண்ணுக்கு எதிரே தொங்கவிடுங்கள். வண்டி வழக்கம்போல வேலை செய்யட்டும். நின்ற நொடியில் பல்பும் அணைந்தோ மங்கியோ இருந்தால் காயில் வரை கரண்ட் சரியாக வந்து சேரவில்லை: சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், ஒயர், எர்த், இதில் ஏதோ ஒன்று. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது, வண்டி மட்டும் நிற்கிறது என்றால், காயில் உள்ளே அறுந்திருக்கிறது, இல்லாவிட்டால் காயில் இழுத்தும் வால்வு அசையவில்லை. இந்த இரண்டையும் பிரிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், காயிலின் நடு நட்டில் தொட்டுப் பாருங்கள், காந்தம் இழுத்தால் காயில் உயிரோடு இருக்கிறது. கையோடு கனெக்டரைக் கழற்றி, சூடு ஆறுவதற்குள் காயிலின் ஓமையும் அளந்துவிடுங்கள். 24 வோல்ட் ஆன் ஆஃப் காயில் பெரும்பாலும் 25 முதல் 60 ஓமுக்குள் இருக்கும்; சரியான எண் உங்கள் மேனுவலில் இருப்பதுதான். மீட்டர் ஓ.எல். (அளக்க முடியாத அளவு, அதாவது உள்ளே அறுந்திருக்கிறது) என்று காட்டினால் தேடல் முடிந்தது.

காந்தம் இழுக்கிறது, ஓமும் சரி, ஆனாலும் மூவ்மென்ட் இல்லை என்றால் அப்போதுதான் எலக்ட்ரிக்கலை விட்டுவிட்டு ஆயில் பக்கம் போக வேண்டும். சோலினாய்டுக்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ், பின்னால் ஒரு கேஜ். முன்னால் 35 பார், பின்னால் சைபர், காயிலில் காந்தம் இருக்கிறது: உள்ளே பிளஞ்சர் (காந்தம் இழுக்கும் தண்டு) சிக்கியிருக்கிறது. முன்னாலேயே பிரஷர் இல்லை: பைலட் ரிலீஃப் வால்வில் தூசி உட்கார்ந்திருக்கும், அல்லது பைலட் ஃபில்டர். பைலட் பம்ப் மாற்றுவதற்கு முன்பு இந்த ஒரு கேஜை மாட்டிப் பார்த்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். லாக் சோலினாய்டுக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்து வேலையை ஓட்டுகிற பழக்கம் இருக்கிறது. சோதனைக்காக ஒரு நிமிடம், பக்கெட் தரையில், சுற்றிலும் ஆள் இல்லாமல், செய்யலாம். அப்படியே விட்டுவிட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது. லீவரை லாக்கில் போட்டாலும் ஜாய்ஸ்டிக் உயிரோடு இருக்கும். ஆபரேட்டர் இறங்கும்போது சட்டை நுனி மாட்டினால் போதும், 20 டன் சுற்றும். அதேபோல, அக்யுமுலேட்டரில் (ஆயிலைப் பிரஷரோடு சேர்த்து வைக்கும் சின்னக் கலம்) பிரஷர் மிச்சம் இருக்கும், இன்ஜினை நிறுத்திய பிறகு கீயை ஆனில் வைத்து, லீவரைத் திறந்து, ஜாய்ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பிரஷரை வடித்துவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும். ஊசி முனை லீக்கைக் கையால் தடவிப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்தப் பிரஷரில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் அது உடனடியாக அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம்.

உங்கள் வண்டியை விட்டுவிட்டுப் பொதுவாகவும் கொஞ்சம் சொல்கிறேன், இதே மாதிரி வேறு கோளாறு வந்தால் உதவும்.

கோளாறு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே பாதி விடை. ஒரு நொடி வெட்டிவிட்டு உடனே திரும்பி வருகிறதா, பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வருகிறதா, அப்படியானால் லூஸ் பின், லீவர் சுவிட்சின் அட்ஜஸ்ட்மென்ட், உரசும் ஒயர். சூடாகி நின்று, ஆறி எழுகிறதா, காயில், ரிலே, சில சமயம் கன்ட்ரோலருக்குள் விண்டுபோன சால்டர். சூடேறச் சூடேறக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைகிறதா, அது பெரும்பாலும் கரண்ட் விவகாரமே இல்லை, ஆயில் நீர்த்துப் போய் பம்ப்பிலும் மோட்டாரிலும் உள் லீக் கூடுகிறது. மழைக்குப் பிறகோ கழுவிய மறுநாளோ வருகிறது என்றால் கனெக்டரில் தண்ணீர், வேறு யோசிக்கவே வேண்டாம்.

ஒரே ஒரு மூவ்மென்ட் மட்டும் கெட்டிருந்தால், ஜாய்ஸ்டிக் ஹைட்ராலிக் பைலட்டில் ஓடும் வண்டிகளில் எலக்ட்ரிக்கல் மேல் சந்தேகம் குறைவு, ஏனென்றால் ஜாய்ஸ்டிக்கிலிருந்து ஸ்பூல் வரை அந்தப் பாதையில் பெரும்பாலும் ஒயரே கிடையாது. ஸ்விங் பிரேக் விடாதது, டிராவல் வேகம் மாறாதது, பவர் பூஸ்ட் வராதது, இவை விதிவிலக்கு, இவற்றுக்குத் தனித்தனி சோலினாய்டு இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் இந்த சோலினாய்டுகள் எல்லாம் ஒரே பிளாக்கில் வரிசையாக, ஒரே மாதிரிக் காயிலோடு இருக்கும். சந்தேகப்படுகிற காயிலைப் பக்கத்துக் காயிலோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில், மாறாவிட்டால் ஒயர் அல்லது வால்வு. புதுப் பொருள் எதுவும் வாங்காமல் கிடைக்கும் விடை இது. முழுவதும் எலக்ட்ரிக் ஜாய்ஸ்டிக் உள்ள புது வண்டிகளில் கதை வேறு, அங்கே ஜாய்ஸ்டிக்கே ஒரு சென்சார்.

அடுத்தது அதிகம் குழப்புகிற இடம்: எல்லாம் ஓடுகிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறது, அல்லது லோடு விழுந்தவுடன் இன்ஜின் கறுப்புப் புகை கக்கி அமுங்குகிறது. பார்த்தவுடன் இன்ஜினில் பவர் இல்லை, பம்ப் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். மெயின் பம்ப்பின் மேல் ஒரு ப்ரொபோர்ஷனல் சோலினாய்டு (வெறும் ஆன் ஆஃப் இல்லாமல், கரண்ட்டின் அளவுக்கு ஏற்ப வேலை செய்வது) உட்கார்ந்திருக்கிறது, பம்ப் இன்ஜினிலிருந்து எவ்வளவு பாரம் வாங்க வேண்டும் என்பதைக் கன்ட்ரோலர் அதன் வழியாகத்தான் சொல்கிறது. கரண்ட்டின் அளவு ஒவ்வொரு நொடியும் மாறும், சாதாரணமாக 1 ஆம்பியருக்குள். இதில் ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்பது வண்டிக்கு வண்டி நேர் எதிர். சில வடிவமைப்பில் கரண்ட் கூடினால் பம்ப் குறையும், அவற்றில் ஒயர் அறுந்தால் பம்ப் முழுப் பாரத்துக்குப் போய் இன்ஜினை அமுக்கிக் கொன்றுவிடும். வேறு சிலவற்றில் கரண்ட் கூடினால் பம்ப் கூடும், அவற்றில் ஒயர் அறுந்தால் வண்டி ஆமையாகிவிடும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று மேனுவலில் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு வண்டியில் பழகிய கையோடு இன்னொன்றுக்குப் போனால் தலைகீழாகத்தான் முடியும்.

பல வண்டிகளில் சீட்டுக்குப் பின்னாலோ ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்திலோ பம்ப்புக்கு ஒரு எமர்ஜென்சி சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் கன்ட்ரோலரை ஓரங்கட்டிவிட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியாக நிலையான கரண்ட் அந்தக் காயிலுக்குப் போகும். கோளாறு தேட இதைவிட நல்ல கருவி இல்லை, ஆனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. சுவிட்சைப் போட்டதும் வண்டி தேறிவிட்டால் பம்ப்பும் காயிலும் அதுவரை உள்ள ஒயரும் நல்லவை. பார்க்க வேண்டியது கன்ட்ரோலர், அதற்குச் செய்தி சொல்லும் சென்சார்கள், சுவிட்சுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் உள்ள ஒயர். போட்டும் மாற்றமே இல்லை என்றால் காயில் பக்கம், இல்லாவிட்டால் ஆயில் பக்கம்.

ப்ரொபோர்ஷனல் காயிலில் ஒருபோதும் 24 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். இதன் ரெசிஸ்டன்ஸ் ஆன் ஆஃப் காயிலைவிட நன்றாகக் குறைவு. 10 ஓம் என்றால் 24 வோல்ட்டில் 2.4 ஆம்பியர், 57 வாட்டுக்கு மேல் சூடு, கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். கன்ட்ரோலர் அதற்குக் கரண்ட்டை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டித்தான் அனுப்புகிறது. அதனால் வோல்ட்டில் வைத்து அளந்தால் சராசரியாக ஏதோ ஒரு எண் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இங்கே அளக்க வேண்டியது மில்லி ஆம்பியர். மீட்டரைத் தொடராக இணைத்து, அல்லது டி.சி. மில்லி ஆம்பியர் படிக்கும் கிளாம்ப் வைத்து, மானிட்டரில் கன்ட்ரோலர் இவ்வளவு அனுப்புகிறேன் என்று சொல்கிற எண்ணோடு ஒப்பிடுங்கள். அது 600 என்கிறது, உங்கள் மீட்டர் 350 என்கிறது என்றால் நடுவில் யாரோ சாப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் எலக்ட்ரிக்கல் தன் வேலையைச் செய்துவிட்டது, கேஜை எடுங்கள்.

சென்சார்களில் முக்கியமானது பிரஷர் சென்சார். மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். பிரஷர் இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட், முழு அளவில் 4.5 வோல்ட் என்பது பரவலான ஏற்பாடு. 500 பார் சென்சார் என்றால் ஒரு வோல்ட்டுக்கு 125 பார், 350 பாரில் 3.3 வோல்ட் வர வேண்டும். இன்ஜினை நிறுத்தி, பிரஷரை வடித்துவிட்டு, 0.5 இருக்கிறதா பாருங்கள். அப்போதே 1.5 காட்டினால் சென்சார் 125 பார் பொய் சொல்கிறது. கன்ட்ரோலர் அதை நம்பி பம்ப்பைக் குறைக்கும், வண்டி சோம்பிவிடும், எர்ரர் கோடும் வராது, ஏனென்றால் 1.5 என்பது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது. கோடு வரவில்லை, ஆகவே எலக்ட்ரிக்கல் சரி என்கிற வாதம் இங்கேதான் இடறுகிறது. இரண்டு பம்ப்புக்கும் ஒரே ரக சென்சார்தான், மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

நாலைந்து சென்சார் கோடு ஒன்றாக வந்து விழுந்தால் பயப்படாதீர்கள், எல்லாம் ஒரே நாளில் சாகவில்லை. 5 வோல்ட் சப்ளை பொதுவானது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் மொத்த லைனும் அமிழ்ந்துவிடும். 5 வோல்ட் லைனில் மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள், எதைக் கழற்றியதும் 5 திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி.

எர்ரர் கோடு வந்தால் அது சொல்வது சர்க்யூட்டைப் பற்றி மட்டும். பார்ட்டை மாற்று என்று எந்தக் கோடும் சொல்வதில்லை. ஜே1939 முறையில் (கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழி) பேசும் வண்டிகளில் கோடுக்குப் பின்னால் எஃப்.எம்.ஐ. என்று, கோளாறு எந்த வகை என்பதைச் சொல்லும் ஒரு எண் வரும்: 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் கரண்ட் ஓடவில்லை அல்லது பாதை அறுந்திருக்கிறது, 6 என்றால் கரண்ட் அதிகம் அல்லது எர்த்தில் ஷார்ட். 5 வந்தால் காயிலையும் ஒயரையும் பாருங்கள், 6 வந்தால் உரசலைத் தேடுங்கள். கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்று கோடு வந்தால் பேட்டரியைத் துண்டித்துவிட்டு, அவை பேசிக்கொள்ளும் கேன் லைனின் இரண்டு ஒயருக்கு நடுவே ஓம் அளவுங்கள். 60 வந்தால் சரி, 120 வந்தால் ஒரு முனையின் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிற கோளாறைப் பற்றி ஒரு சம்பவம். ஒரு வண்டியில் பூமை முழுதாகத் தூக்கினால் எல்லாம் நின்றுவிடும், பார்த்தால் லாக் சோலினாய்டின் ஃபியூஸ் போயிருக்கும். ஹைட்ராலிக்கில்தான் ஏதோ என்று நாங்கள் இரண்டு நாள் பூம் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தோம். யாரோ முன்பு அதில் 30 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டு ஹார்னஸில் (ஒயர்க் கட்டு) ஒரு பகுதியை உருக்கியும் வைத்திருந்தார்கள். கடைசியில் ஃபியூஸ் இடத்தில் அந்த 21 வாட் பல்பை மாட்டினேன். ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் போவதற்குப் பதிலாகப் பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் தேடலாம், ஒயர் சூடாகாது. பூமைக் கிரேனால் தூக்கித் தூக்கிப் பார்த்தபோது, பூமின் அடி மூட்டுப் பக்கம் ஒரு ஒயரை அசைத்ததும் பல்பு பளிச்சென்றது. அது வண்டி வாங்கிய பிறகு யாரோ கூடுதலாகப் போட்ட விளக்கின் ஒயர். அதற்குக் கரண்ட்டை எங்கே எடுத்திருந்தார் தெரியுமா? கைக்கு எட்டிய முதல் பிளஸ் ஒயரில், அதாவது லாக் லீவர் சுவிட்சின் லைனில். அன்றிலிருந்து எந்த வண்டிக்குப் போனாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, கம்பெனியிலிருந்து வராத ஒயர் இதில் என்னென்ன இருக்கிறது என்பதுதான்.

கன்ட்ரோலர் கெட்டுப்போகாது என்று நான் சொல்லவில்லை. கெடும், ஆனால் அரிதாக, அதுவும் பெரும்பாலும் தண்ணீராலோ, கேபிளைக் கழற்றாமல் வெல்டிங் செய்ததாலோ. பேட்டரியைத் துண்டித்து, கன்ட்ரோலர் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். கன்ட்ரோலரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அதற்கு வரும் எல்லா பிளஸ் பின்னிலும் எர்த் பின்னிலும் லோடோடு வோல்ட் அளவுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சப்ளை பின்கள் இருக்கும், ஒன்று மட்டும் விட்டுப்போனாலும் அது பாதி வேலை செய்து பாதி குழப்பும். ஆல்டர்னேட்டர் 27.5, 28 வோல்ட் கொடுக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

உங்கள் வண்டியில் காயில்தான் என்று உறுதியானால், புதுக் காயில் வாங்கும்போது பழையதில் டயோடு இருந்ததா என்று பாருங்கள். காயிலின் கரண்ட்டை வெட்டும்போது எதிர்த் திசையில் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறும், அதை விழுங்கத்தான் டயோடு. டயோடு இல்லாத காயிலைப் போட்டால் அந்த அடி ரிலே கான்டாக்ட்டிலும், கன்ட்ரோலர் ஓட்டும் லைன் என்றால் அதன் அவுட்புட்டிலும் விழும். டயோடு உள்ள காயிலுக்கு பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் போட்ட நொடியே ஃபியூஸ் போய்விடும், புதுக் காயிலும் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பழைய கனெக்டரின் சீல் இறுகிப் போயிருந்தால் அதையும் மாற்றிவிட்டு, ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, கனெக்டருக்கு முன்னால் ஒரு வளைவு கீழ்நோக்கித் தொங்குகிற மாதிரிக் கட்டுங்கள், ஒயர் வழியாக வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.